கடைசி பெஞ்சுக் குழந்தைக்கு யார் ஆசிரியர்?

தொடக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகை ஆசிரியர். சிறப்புப் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஒரு வகை ஆசிரியர். இந்தியாவில் ஆசிரியர்களை இப்படிப் பிரித்துத்தான் பயிற்றுவிக்கிறார்கள்.

ஆனால், குழந்தைகள் இப்படிப் பிரிந்து பிறப்பது இல்லை.

அவர்கள் ஒரே தெருவில் பிறக்கிறார்கள். ஒரே வீட்டில் கூடப் பிறக்கிறார்கள். அக்காள் குதித்து ஓடுகிறாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அண்ணன் ஓயாமல் பேசுகிறான். தங்கை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது இல்லை.

இரண்டு பேருக்கும் வயது 6 ஆனால், இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகவேண்டும். அது சட்டம். ஒரே வகுப்பில் இரண்டு பேரும் உட்காரலாம். அதுவும் சட்டம்.

அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கு இரண்டு குழந்தைகளுக்கும் பாடம் சொல்லத் தெரியுமா? இதுதான் கேள்வி.

பல வகுப்புகளில் இதற்குப் பதில், "தெரியாது" என்பதே. அது ஆசிரியரின் குற்றம் அல்ல. அவருக்கு யாரும் சரியாகக் கற்றுத் தரவில்லை. கற்றுத் தராத குற்றம் பயிற்சி முறையின் குற்றம். அதை மாற்ற முடியும். மாற்ற வேண்டும்.

இரண்டு வாசல்கள்

ஆசிரியர் வேலைக்கு இந்தியாவில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், எல்லோருக்கும் தெரிந்தது. பிளஸ்-2 முடித்து, தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேரவேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதவேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த விரும்புகிறவர் முதல் தாளை எழுதவேண்டும். மொத்தம் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, தாய்மொழி, ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள்.

இரண்டாவது வாசல், பலருக்குத் தெரியாதது. இதற்கும் பிளஸ்-2 போதும். இதுவும் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்புத்தான். ஆனால் பெயர், சிறப்புக் கல்விப் பட்டயம். கண் தெரியாத குழந்தைகள், காது கேளாத குழந்தைகள், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் என்று, பல வகைக் குழந்தைகளுக்கான பிரிவுகள் அதில் உண்டு. பி.எட். சிறப்புக் கல்வி என்ற படிப்பும் உண்டு.

இந்த இரண்டாவது வாசலில் ஒரு விசேஷம் உண்டு. டாக்டர்களைப் போல, சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவு எண் இல்லாமல் தொழில் செய்யக்கூடாது. செய்தால், ஓராண்டு வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குள் புதிய பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்ததைக் காட்டவேண்டும்.

ஏன் இரண்டு வாசல்கள்?

இரண்டு சட்டங்கள் இருப்பதால்தான்!

1992-ம் ஆண்டு பார்லிமெண்டில் ஒரு சட்டம் வந்தது. அது இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். சிறப்புக் கல்வி ஆசிரியர்களின் படிப்பும் பதிவும் இந்தக் கவுன்சிலின் பொறுப்பு. இது சமூக நீதித் துறையைச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டே, 1993-ல், இன்னொரு சட்டம் வந்தது. அது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் சட்டம். மற்ற ஆசிரியர்களின் படிப்பு இதன் பொறுப்பு. இது கல்வித் துறையைச் சேர்ந்தது.

ஓர் ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள், இரண்டு கவுன்சில்கள், இரண்டு இலாகாக்கள். ஆனால் குழந்தை ஒன்றுதான்!

தாம்பரத்தில் நின்று பார்த்தால்...

இந்த இரண்டு வாசல்களையும் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். தாம்பரத்தில் இருந்தே பார்க்கலாம்.

மின்சார ரெயிலில் வடக்கே போனால் சைதாப்பேட்டை வருகிறது. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1856-ம் ஆண்டு வேப்பேரியில் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்கு வந்த பழம்பெரும் கல்லூரி அது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடமும் அதுதான். அவர் பிறந்த நாளைத்தான், 1962-ம் ஆண்டு முதல், செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினமாக நாடு கொண்டாடுகிறது.

தாம்பரத்துக்குக் கிழக்கே போனால், பழைய மாமல்லபுரம் சாலையில் காரப்பாக்கம் வருகிறது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 2008-ம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகம் அது.

இன்னும் கிழக்கே, கடலோரமாகப் போனால் முட்டுக்காடு. படகுத் துறைக்காக அங்கே போகாத குடும்பம் சென்னைப் புறநகரில் குறைவு. ஆனால், அதே ஊரில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தைப் பலர் கவனித்தது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் அது. 2005-ம் ஆண்டு மத்திய அரசு அதை அமைத்தது. கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தை, மூளை முடக்குவாதத்தோடு பேச்சும் வராத குழந்தை என்று, மற்ற இடங்களில் கைவிரித்த குழந்தைகளை அங்கே அழைத்துப்போகலாம். அங்கேயே சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கான படிப்புகளும் நடக்கின்றன.

கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. பூனம் நடராஜன் என்ற அம்மையார் 1985-ம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் அது. பூந்தமல்லியில், கண் தெரியாத குழந்தைகளுக்கு அரசு நடத்தும் பள்ளிக்கூடம் 1931-ம் ஆண்டில் இருந்து நடக்கிறது.

ஆக, இடத்துக்குக் குறைவு இல்லை. காரப்பாக்கத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. ஆனால், ஒரு வாசலில் படிக்கிறவரும் மறு வாசலில் படிக்கிறவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வழி இல்லை.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

"பொறுமையும் அன்பும் இருந்தால் போதும். இதற்கு என்ன பெரிய படிப்பு?" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அது தவறு. அன்பு வேண்டும். ஆனால், அன்பு மட்டும் இருந்தால் போதாது. தாயைவிட அன்பு உள்ளவர் யார்? அந்தத் தாயே, "என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லையே!" என்று கலங்குகிறாள் அல்லவா? அந்த "எப்படி" என்பதற்குத்தான் படிப்பு.

கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது ஒரே வேலை. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு அது ஏழு வேலை! குழாயைத் திறக்கவேண்டும். கையை நனைக்கவேண்டும். சோப்பு எடுக்கவேண்டும். தேய்க்கவேண்டும். தண்ணீரில் கழுவவேண்டும். குழாயை மூடவேண்டும். துண்டில் துடைக்கவேண்டும்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் இந்த ஏழையும் தனித்தனியாகப் பிரிப்பார். ஒவ்வொன்றாகப் பழக்குவார். சில குழந்தைகளுக்குக் கடைசி வேலையை முதலில் கற்றுத் தருவார். ஆறு வேலையை ஆசிரியர் கூட இருந்து செய்விப்பார். ஏழாவதான, துடைக்கும் வேலையை மட்டும் குழந்தை தானே செய்யும். "நான் முடித்துவிட்டேன்!" என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கும். பிறகு ஆறாவது, பிறகு ஐந்தாவது என்று பின்னால் இருந்து முன்னே வருவார்கள். கடையில் போய்ப் பென்சில் வாங்கவும், பஸ்சில் டிக்கெட் எடுக்கவும் இதே முறையில் கற்றுத் தரலாம்.

கண் தெரியாத குழந்தைகளுக்குப் பிரெய்ல் எழுத்து. ஆறே ஆறு புள்ளிகள்! அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிரெய்ல் எழுதும்போது ஒரு வேடிக்கை உண்டு. தாளைச் சட்டத்தில் வைத்து, ஊசியால் குத்தி, வலது பக்கத்தில் இருந்து இடது பக்கமாக எழுதவேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலே எழும்பி இருக்கும். அதை இடது பக்கத்தில் இருந்து வலது பக்கமாக விரலால் தடவிப் படிக்கவேண்டும். ஆசிரியர் ஆகப்போகிறவர் இதை விரல் நுனியில் வைத்திருக்கவேண்டும்.

காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறவர், காலையில் முதல் வேலையாகக் குழந்தையின் காதுக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பேசும்போது தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்பார். சைகை மொழியும் கற்றிருப்பார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு ஒருநாளும் பேசமாட்டார். ஏன் தெரியுமா? உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு, ஆசிரியர் முதுகைக் காட்டிய உடனே பாடம் நின்றுபோகும்!

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் கை நடுங்கலாம். வாய் குழறலாம். ஆனால் அறிவு மற்றவர்களைப் போலவே இருக்கலாம். அதற்குத் தடித்த பென்சில், கால் தரையில் பதியும் நாற்காலி, சுட்டிக் காட்டிப் பேசப் படங்கள் ஒட்டிய பலகை ஆகியவை உதவும். பேச வராத குழந்தை கண்ணாலேயே படத்தைக் காட்டிப் பதில் சொல்லும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மணி அடிக்கும் சத்தமே வேதனையாக இருக்கலாம். "அடுத்தது கணக்கு, அதன் பிறகு சாப்பாடு" என்று படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டினால், குழந்தையின் பயம் குறையும்.

இவை மந்திரம் அல்ல. கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் நுட்பங்கள். தச்சருக்கு உளி எப்படியோ, இந்த ஆசிரியருக்கு இவை அப்படி.

சிறப்புப் பள்ளி ஆசிரியருக்கு மட்டும் இவை தெரிந்தால் போதுமா? முகத்தைக் காட்டிப் பேசுவதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. சொல்லித் தர ஐந்து நிமிடம் போதும். ஆனால், அதைச் சொல்லித் தராததால் காது மந்தமான குழந்தை ஓர் ஆண்டுப் பாடத்தையே இழந்துவிடும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கச் சிரமப்படுவதால் வாசிக்கத் திணறும் குழந்தைகள் உண்டு. டிஸ்லெக்சியா என்று அதைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட குழந்தை நன்றாகப் பேசும், நன்றாக விளையாடும். ஆனால் வாசிக்கச் சொன்னால் விழிக்கும். "சோம்பேறி", "மக்கு" என்று அதற்குப் பட்டம் கிடைக்கும். அந்தக் குழந்தை பெரும்பாலும் சிறப்புப் பள்ளிக்குப் போவது இல்லை. சாதாரணப் பள்ளியில்தான் இருக்கும். அதன் குறையை முதலில் கண்டுபிடிக்கவேண்டியவர் சாதாரண ஆசிரியர்தான்!

ஆனி சல்லிவனின் கதை

ஹெலன் கெல்லரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. ஆனாலும் பட்டம் பெற்றார். புத்தகங்கள் எழுதினார். உலகத்தைச் சுற்றினார். 1955-ம் ஆண்டு இந்தியாவுக்கும் வந்தார்.

அவருடைய ஆசிரியை ஆனி சல்லிவன். 1887-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி ஆனி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஹெலனுக்கு வயது 6. ஆனிக்கு வயது 20. ஒரு மாதத்தில், தண்ணீர்க் குழாயின் கீழே குழந்தையின் கையை நீட்டி, "தண்ணீர்" என்ற சொல்லை உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக உணர்த்தினார். குழந்தைக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். ஆனால், அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வது இல்லை.

ஆனிக்கும் கண் பார்வை குறைவு. பாஸ்டன் நகரில், பார்வை இல்லாதவர்களுக்கான பெர்கின்ஸ் பள்ளியில் அவர் படித்தார். லாரா பிரிட்ஜ்மன் என்ற, கண்ணும் காதும் இழந்த பெண்ணுக்கு அதே பள்ளியில் பல ஆண்டுகளுக்கு முன்பு பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை ஆனி பல மாதங்கள் உட்கார்ந்து படித்தார். அதன் பிறகே ஹெலனின் வீட்டுக்குப் போனார்.

தண்ணீர்க் குழாயில் நடந்தது அதிசயம் அல்ல. பயிற்சியின் பலன்!

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. ஹெலன் கெல்லர் குழந்தையாக இருந்த அதே காலத்தில், 1890-ம் ஆண்டு, பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தோன்றிவிட்டது. ஆஸ்க்வித் என்ற பெண்மணி அதைத் தொடங்கினார்.

ஒருவழிப் பாலம்

இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாலம்.

ஒருவர் சிறப்புக் கல்விப் பட்டயம் பெற்றிருக்கிறார். அவர் சாதாரணத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் ஆகலாமா? ஆகலாம் என்று 2010-ம் ஆண்டு வந்த தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலின் அறிவிப்பு சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு, ஆறு மாதம் தொடக்கக் கல்விப் பயிற்சி பெறவேண்டும்.

நியாயமான நிபந்தனை. சாதாரண வகுப்பு எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா?

இப்போது மறுபக்கம் பாருங்கள். தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்ற ஆசிரியரின் வகுப்புக்கு, காது கேளாத ஒரு குழந்தை வருகிறது. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை வருகிறது. இவருக்கு அது போன்ற ஆறு மாதப் பயிற்சி எங்கே? அந்த அறிவிப்பில் இல்லை!

பயிற்சியின்போது, எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி பற்றி அவருக்குப் பாடம் உண்டு. தேர்வும் உண்டு. ஆனால், நீச்சல் பற்றிப் புத்தகம் படித்தவர் நீந்திவிட முடியாது. தண்ணீரில் இறங்கவேண்டும்.

தண்ணீரில் இறங்க நேரமும் இருக்கிறது. 2014-ம் ஆண்டு வந்த விதிகளின்படி, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெறவேண்டும். அந்த 20 வாரத்தில் 4 வாரத்தைச் சிறப்புக் கல்விக்கு ஒதுக்கினால் என்ன? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பயிற்சி மாணவிகள் 4 வாரம் முட்டுக்காட்டுக்கோ, கோட்டூர்புரத்துக்கோ, பூந்தமல்லிக்கோ போய்வரட்டும். அங்கே படிக்கிறவர்களும், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து சாதாரணப் பள்ளிகளில் இப்போதைவிட அதிக நாள் இருந்து பார்க்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம். பஸ் செலவு போதும்.

மற்ற நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தருகிறது. அங்கே பல பல்கலைக்கழகங்களில், தொடக்கக் கல்விக்கும் சிறப்புக் கல்விக்கும் சேர்த்து ஒரே படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர் இரண்டு உரிமங்களையும் பெறலாம். இத்தாலி நாட்டில், 1977-ம் ஆண்டு ஒரு சட்டம் போட்டுத் தனி வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். குறைபாடு உள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு உட்கார்ந்தார்கள். வகுப்பு ஆசிரியருக்குத் துணையாக இன்னொரு ஆசிரியரும் வந்தார்.

இந்தியாவில், 2020-ம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையும் இதைச் சொல்கிறது. இரண்டு கவுன்சில்களின் பாடத் திட்டங்களும் இணைந்து செல்லவேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கொள்கையின் பல பகுதிகளைத் தமிழ்நாடு எதிர்த்திருக்கிறது. ஆனால், இந்த ஒரு விஷயத்தில் சண்டைக்கு இடமே இல்லை. குழந்தைக்குக் கட்சி கிடையாது.

மூன்று ஆட்சேபனைகள்

இதற்கு ஆட்சேபனைகள் உண்டு. அவற்றையும் பார்க்கவேண்டும்.

"எல்லா ஆசிரியர்களும் எல்லாவற்றையும் கற்றால், எதையும் ஆழமாகக் கற்கமாட்டார்கள்" என்பது முதல் ஆட்சேபனை. இதில் உண்மை இருக்கிறது. நான்கு வாரத்தில் யாரும் பிரெய்ல் நிபுணர் ஆகமுடியாது. ஆனால், தெரு முனையில் இருக்கும் டாக்டரை நினைத்துப் பாருங்கள். அவர் கண் அறுவை செய்வது இல்லை. ஆனால், "இது கண்புரை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லத் தெரியும். அதுபோல, சாதாரண ஆசிரியருக்குக் குறையைக் கண்டுபிடிக்கவும், அடிப்படை உதவி செய்யவும், சரியான இடத்துக்கு அனுப்பவும் தெரியவேண்டும். நிபுணரும் வேண்டும், தெரு முனை டாக்டரும் வேண்டும்.

"ஆசிரியர்களுக்கு இப்போதே வேலைப் பளு அதிகம். பதிவேடுகள் எழுதவே நேரம் போதவில்லை" என்பது இரண்டாவது ஆட்சேபனை. இதுவும் உண்மை. அதனால்தான் பயிற்சியோடு துணை ஆசிரியரும் வேண்டும் என்கிறோம். பயிற்சியைக் கொடுத்து, ஆளைக் கொடுக்காவிட்டால், அது பளுவின் மேல் பளு.

"இந்தக் குழந்தைகளால் மற்றக் குழந்தைகளின் படிப்பு கெடும்" என்பது மூன்றாவது ஆட்சேபனை. இது சில பெற்றோர்களிடம் இருந்து வருகிறது. பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் விட்டால் கெடத்தான் செய்யும். எல்லோருக்கும் கெடும். ஆனால், பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, படம் காட்டி, முகம் பார்த்துச் சொல்லித் தருகிற ஆசிரியரிடம் எந்தக் குழந்தைக்கு நஷ்டம்? எல்லாக் குழந்தைக்கும் லாபமே!

படித்தவர்களுக்கு நிலையான வேலை வேண்டும்

பயிற்சி பற்றிப் பேசினால், வேலை பற்றியும் பேசவேண்டும்.

தமிழ்நாட்டில் "சிறப்பாசிரியர்" என்றால், தையல், ஓவியம், இசை, உடற்பயிற்சி ஆசிரியர் என்று பொருள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறவரைச் "சிறப்புப் பயிற்றுநர்" என்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் இவர்கள் வட்டார வள மையத்தில் இருந்து வருகிறார்கள். ஒருவரே பல பள்ளிக்கூடங்களுக்குப் போகவேண்டும். பள்ளிக்கு வரமுடியாத குழந்தையின் வீட்டுக்கும் போகவேண்டும். பல ஆண்டுகளாகப் பலர் தொகுப்பூதியத்திலேயே வேலை பார்த்திருக்கிறார்கள். "எங்களை நிரந்தரம் ஆக்குங்கள்" என்று போராட்டமும் நடத்தியிருக்கிறார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு இதைக் கவனித்தது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி ஒரு தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை பேருக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும் என்று வரையறுக்கும்படி மத்திய அரசுக்குக் கோர்ட்டு கூறியது. நிரந்தர வேலை இடங்களை உண்டாக்கும்படியும் உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு பிறகு அறிவித்தது. ஆண்டுகள் ஓடின. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி, அதே வழக்கில், இடங்களை உடனே அறிவிக்கும்படி மாநிலங்களுக்குக் கோர்ட்டு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. நீண்ட காலம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும் சொன்னது.

இரண்டு ஆண்டு படித்து, பதிவு எண் வாங்கி, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்து வருகிறவருக்கு, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாவிட்டால், யார் இந்தப் படிப்புக்கு வருவார்கள்? தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு வரை சாலையின் இரண்டு பக்கமும் என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் பஸ்கள் காலையில் வரிசையாக ஓடுகின்றன. அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "படித்தால் வேலை கிடைக்குமா?" அதே கேள்வியை இந்தப் படிப்புக்கும் கேட்பார்கள். கேட்பதில் தவறு இல்லை. பதில் சொல்லவேண்டியது அரசின் கடமை.

பெற்றோர்களுக்கு

2016-ம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. முன்பு இருந்தது 7 வகை மட்டுமே. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா என்று பெற்றோர்களே முடிவு செய்யலாம்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இந்தியா முழுவதும் 2 கோடியே 68 லட்சம் பேர். ஆகவே, "எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?" என்று எந்தத் தாயும் மனம் உடையவேண்டாம். விருந்தாளி வரும்போது குழந்தையைப் பின்கட்டில் மறைக்கவும் வேண்டாம்.

குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லையா? வயது வந்தும் பேசவில்லையா? கழுத்து நிற்கவில்லையா? "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ, அவ்வளவுக்குப் பலன் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "இங்கே சிறப்புக் கல்வி ஆசிரியர் இருக்கிறாரா? அவருக்குப் பதிவு எண் இருக்கிறதா?" இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். டாக்டரின் பெயர்ப் பலகையில் பட்டத்தைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

குறைபாடு இல்லாத குழந்தையின் பெற்றோர்களும் இதைக் கேட்கவேண்டும். அவர்கள் கேட்டால் பள்ளிக்கூடம் இன்னும் சீக்கிரம் காதுகொடுக்கும்.

பிளஸ்-2 முடித்த மகளோ மகனோ, "நான் சிறப்புக் கல்வி படிக்கிறேன்" என்று சொன்னால், "அது எதற்கு?" என்று தடுக்காதீர்கள். சேரும் முன்பு, அந்தப் படிப்புக்கும் அந்தக் கல்லூரிக்கும் மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் பதிவு எண் கிடைக்காது. இரண்டு ஆண்டும் பணமும் வீண்.

அரசு செய்யவேண்டியது மூன்று. தொடக்கக் கல்விப் பயிற்சியில் 4 வாரம் சிறப்புக் கல்விக்கு ஒதுக்கவேண்டும். ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு, சம்பளத்தோடு ஆறு மாதப் பயிற்சி தரவேண்டும். அதனால் ஒருவழிப் பாலம் இருவழிப் பாலம் ஆகும். மத்திய அரசு அறிவித்த கணக்குப்படி சிறப்புக் கல்வி ஆசிரியர்களை நிரந்தரமாக நியமிக்கவேண்டும்.

இவை மூன்றும் நடக்கும்போது, கடைசி பெஞ்சுக் குழந்தைக்கு யார் ஆசிரியர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வகுப்பில் நிற்கிறவர்தான் அந்தக் குழந்தைக்கும் ஆசிரியர்!